நிலத்தடி நீருக்கு வேலி இல்லை

2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து புறப்பட்ட ஒரு சரக்கு ரயில், 200 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, அரக்கோணம், ஆவடி, அம்பத்தூர் நிலையங்களைக் கடந்து வில்லிவாக்கத்தில் வந்து நின்றது. அது ஏற்றி வந்தது குடிதண்ணீர். 50 வேகன்கள், வேகனுக்குச் சுமார் 50,000 லிட்டர், ஆக ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் காவிரி நீர். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அந்தக் கோடையில் தரை வெடித்துக் கிடந்தன. ரயில் வந்த வழியிலேயே அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் இருக்கின்றன. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூருக்கு, கொரட்டூர் நிரம்பினால் ரெட்டேரிக்கு என்று உபரிநீர் இறங்கிப் போகும்படி அமைந்த சங்கிலி அது. பல ஆண்டுகளாக அந்தச் சங்கிலியில் மழைநீரோடு வீட்டுச் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் சேர்ந்தே ஓடுகின்றன. சொந்தமாக ஏரிகள் வைத்திருக்கும் ஊரைத் தாண்டித்தான் வெளியூர்த் தண்ணீர் நகரத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்த ரயிலைக் கண்டவர்கள் இரண்டு விதமாகப் பேச இடமுண்டு. ஏரியைக் கெடுக்க விட்டது யார், கால்வாயில் சாக்கடையைத் திறந்துவிட்டவர்களைக் கண்டும் காணாமல் இருந்தது யார், அந்த அரசையா நம்பச் சொல்கிறீர்கள் என்று ஒருவர் கேட்கலாம். தண்டவாளம், மேட்டூர் நீரைக் கொண்டுவரும் குழாய், நீரேற்று நிலையம், தண்ணீரைத் தரத் தயங்கும் ஒரு மாவட்டத்தோடு பேசி முடிக்கும் அதிகாரம், இவையெல்லாம் அரசைத் தவிர வேறு யாரிடம் இருந்தன என்று இன்னொருவர் கேட்கலாம். இரண்டு கேள்விகளும் நியாயமானவை. மக்களில் ஒரு பகுதியினர் அரசை ஏன் நம்புவதில்லை? நம்பாத நிலையிலும் சமூகத்துக்கு அரசு தேவைப்படுகிறதா? மேடைகளில் இவை கட்சிச் சண்டையாகவே முடிந்துவிடும். கடந்த அறுபது ஆண்டுகளில் பொருளியலும் உளவியலும் அரசறிவியலும் இவற்றைச் சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்விகளாக மாற்றியிருக்கின்றன. அந்தச் சோதனைகள் காட்டும் வழியில் போனால் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடை கிடைக்கும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

அரசை நம்பாதவரை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்கிவிடுவது படித்தவர்களின் பழக்கம். ஆதாரங்களைப் பார்த்தால், அவநம்பிக்கை பெரும்பாலும் நினைவிலிருந்து வருவது தெரியும். 1921 முதல் 1956 வரை கேமரூனிலும் மத்திய ஆப்பிரிக்காவின் பிற பிரெஞ்சுக் காலனிகளிலும் தூக்கநோயை ஒழிக்கக் காலனி நிர்வாகம் ஊர் ஊராகப் போனது. மக்களை வரிசையில் நிறுத்தி, மறுத்தவர்களை மிரட்டி ஊசி போட்டது. அந்த மருந்துகளில் ஒன்று சிலருடைய பார்வையைப் பறித்தது, இன்னொன்றால் சிலர் உடல் அழுகி இறந்தார்கள். சாரா லோவ்ஸ், எட்வர்டோ மொன்டேரோ என்ற இரு பொருளியலாளர்கள் பழைய ஆவணங்களிலிருந்து அந்த முகாம்கள் நடந்த இடங்களை வரைபடமாக்கி, இன்றைய உடல்நலக் கணக்கெடுப்புகளோடு ஒப்பிட்டார்கள். முகாம்கள் அதிகம் நடந்த பகுதிகளில் இன்றும் மக்கள் இலவச ரத்தப் பரிசோதனையைக் கூடுதலாக மறுக்கிறார்கள். ஊசி குத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் இன்று உயிரோடு இல்லை, பயம் மட்டும் பேரப்பிள்ளைகளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பாகிஸ்தானில் இதே கதை குறுகிய காலத்திலேயே நடந்தது. ஒசாமா பின்லேடனைத் தேடுவதற்காக அபோட்டாபாத்தில் அமெரிக்க உளவுத்துறை ஒரு தடுப்பூசி முகாமைப் போர்வையாகப் பயன்படுத்தியது 2011-இல் அம்பலமானதும், அந்நாட்டில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததை ஆய்வுகள் காட்டின.

நம் நாட்டிலும் அந்த நினைவு உண்டு. நெருக்கடி நிலையின்போது, 1976-77 என்ற ஒரே நிதியாண்டில், இந்தியாவில் சுமார் 80 லட்சம் பேருக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை நடந்தது. பலருக்கு அது கட்டாயத்தின் பேரில் நடந்தது. அடுத்த தேர்தலில் ஆட்சியே கவிழ்ந்தது. ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற பெயரையே அரசு ‘குடும்ப நலம்’ என்று மாற்ற வேண்டி வந்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பல பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே தயங்கினார்கள், முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியிருந்தது. அந்த வதந்திகள் பொய். ஆனால் பொய்யான விதையும் ஏற்கெனவே உழுது கிடக்கும் நிலத்தில்தான் முளைக்கும். தடுப்பூசி நல்லதா என்று மட்டுமா அந்தப் பெற்றோர் யோசித்திருப்பார்கள்? சொல்பவரை நம்பலாமா என்றும் யோசித்திருப்பார்கள்.

இந்தக் கண்ணோடு அம்பத்தூர்ப் பக்கம் திரும்பினால், அரசை நம்பாதவர்களின் நினைவில் என்னென்ன இருக்கக்கூடும் என்பது புரியும். அம்பத்தூரை ஒட்டிய முகப்பேரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புப் பகுதி ஒன்றுக்கு ‘ஏரி ஸ்கீம்’ என்றே பெயர். ஏரியில் கட்டாதே என்று குடிமக்களுக்குச் சொல்லும் அரசே ஏரியில் மனை போட்டதற்கு அந்தப் பெயரே சாட்சி. தனி நகராட்சியாக இருந்த அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டு ஏழாவது மண்டலமானது. மாமன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக, 2019-இன் தண்ணீர்ப் பஞ்சம் உட்பட, எந்த வார்டிலும் கவுன்சிலர் இல்லை. சொத்துவரி ரசீது மட்டும் தவறாமல் வந்தது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த மாநிலம் 2003-இல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013-இல் ரத்தானது. இத்தனையையும் பார்த்த பிறகு ஒருவர் அரசை அப்படியே நம்பினால்தான் வியப்படைய வேண்டும். அவருடைய சந்தேகம் நடந்ததைக் கவனித்ததன் விளைவு.

ஆனால் இங்கே ஒரு முரண் இருக்கிறது. 2010-இல் பிலிப் அகியோன், யான் அல்கான், பியர் கையுக், ஆந்த்ரே ஷ்லைஃபர் ஆகியோர் பல நாடுகளின் கருத்துக்கணிப்புகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், ஒருவரையொருவர் நம்பாத சமூகங்களில்தான் அரசின் கட்டுப்பாடு அதிகம் வேண்டும் என்று மக்கள் கேட்கிறார்கள் என்று தெரியவந்தது. அரசு ஊழல் நிறைந்தது என்று தெரிந்தும் கேட்கிறார்கள். பக்கத்து ஆலைக்காரர் கழிவைக் கால்வாயில் விடுவார் என்ற பயம், அதிகாரி லஞ்சம் வாங்குவார் என்ற பயத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. அதற்கும் முன்பே, 1986-இல், ஜப்பானிய உளவியலாளர் தோஷியோ யாமகிஷி இதைச் சோதனைக்கூடத்தில் கண்டார். தவறுபவரைத் தண்டிக்கும் பொது ஏற்பாடு ஒன்றுக்குப் பணம் கொடுக்கலாம் என்று வாய்ப்புத் தந்தபோது, மனிதர்களை எளிதில் நம்பாதவர்களே அதற்கு அதிகமாகக் கொடுத்தார்கள். இந்தியாவில் லோக்நிதி–சி.எஸ்.டி.எஸ். ஆய்வுகளும் இதையொட்டிய ஒரு படத்தையே காட்டுகின்றன. மக்கள் ராணுவத்தையும் நீதிமன்றத்தையும் உயர்வாக மதிக்கிறார்கள், காவல்துறையையும் அரசியல் கட்சிகளையும் தாழ்வாக மதிக்கிறார்கள். ‘அரசை நம்பவில்லை’ என்பவரிடம் நின்று கேட்டால், அவர் நம்பாதது அரசின் ஒரு கையை, ஒரு மேசையை, ஒரு நடைமுறையை என்பது தெரியவரும். அரசே வேண்டாம் என்பவர்கள் மிகச் சிலர்.

நம்பாதவர் என்ன செய்கிறார் என்பதில்தான் சமூகத்தின் கதி இருக்கிறது. ஒரு வழி, விலகிக்கொள்வது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் போர் போடலாம். போர் வற்றினால் இன்னும் ஆழமாகப் போடலாம். அதுவும் வற்றினால் 12,000 லிட்டர் லாரியை வரவழைத்துச் சம்ப்பை நிரப்பலாம், குடிக்க 20 லிட்டர் கேன் வாங்கலாம். சென்னையின் மேற்குப் புறநகரில் லட்சக்கணக்கான குடும்பங்கள் இப்படித்தான் ஒவ்வொரு கோடையையும் கடக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல முடியாது, குழந்தைக்குத் தாகம் எடுக்கும்போது யாரும் சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்க மாட்டார்கள். ஆனால் எல்லோரும் விலகும்போது என்ன ஆகும் என்பதை ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூலில் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் நைஜீரியாவின் ரயில்வே. லாரிகள் போட்டிக்கு வந்தால் ரயில்வே திருந்தும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், அது திருந்தவில்லை. காரணம், தரம் கெட்டதும் முதலில் லாரிக்கு மாறியவர்கள்தான் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள், கேட்டால் எடுபடக்கூடியவர்கள். அவர்கள் போன பிறகு ரயிலில் எஞ்சியவர்களின் குரல் யார் காதிலும் விழவில்லை. தண்ணீர் லாரியும் அப்படித்தான் வேலை செய்கிறது. காசுள்ள தெரு லாரியோடு சமாதானமாகிவிட்டால், குடத்தோடு தெருமுனைத் தொட்டிக்கு முன்னால் நிற்பவரின் குரல் மட்டுமே குடிநீர் வாரியத்துக்கு எட்டும்.

விலகுவது அறவழியில் தவறா என்பதைவிட, அது முடிகிற காரியமா என்பதே பெரிய கேள்வி. பள்ளிக்கூடத்திலிருந்து விலகலாம், பேருந்திலிருந்து விலகலாம். நிலத்தடி நீரிலிருந்து விலக முடியாது. மதில் சுவர் தரைக்கு மேல்தான் இருக்கிறது, நீர்மட்டம் எல்லா மனைகளுக்கும் அடியில் ஒன்றாகப் படுத்திருக்கிறது. ஒருவர் 300 அடிக்குப் போர் போட்டு இழுத்தால் பக்கத்து வீட்டு உறைகிணறு வற்றும். அந்த வீட்டுக்காரர் 400 அடிக்குப் போவார். ஆளுக்கு ஆள் ஆழம் கூடும், செலவு கூடும், மொத்த நீர் மட்டும் கூடாது. ஒவ்வொருவரும் தனக்குச் சரியானதைச் செய்து எல்லோரும் சேர்ந்து தோற்கும் இந்தப் பொறியைத்தான் காரெட் ஹார்டின் 1968-இல் பொதுச் சொத்தின் அவலம் என்று விவரித்தார். அந்த ஆட்டத்தில் நம்பிக்கையும் அவநம்பிக்கையும் வெறும் மனநிலைகள் இல்லை. ‘மற்றவர் குறைத்துக்கொள்வார்’ என்று நம்ப முடியாதபோது, தான் குறைத்துக்கொள்பவர் ஏமாளி ஆகிவிடுகிறார்.

இதன் மறுபக்கத்தை ஒரு மழைநீர்க் குழியில் பார்க்கலாம். மொட்டைமாடியில் விழும் மழை பி.வி.சி. குழாயில் இறங்கி, ஜல்லியும் மணலும் நிரப்பிய குழிக்குள் வடிந்து, மண்ணுக்குள் போகிறது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மாடி என்றால் ஏறத்தாழ 93 சதுர மீட்டர், அதில் ஓராண்டில் விழுவது சுமார் 1,30,000 லிட்டர். ஆவியாவதும் வழிவதும் போக ஒரு லட்சம் லிட்டர் மண்ணுக்குள் போனால்கூட, அது எட்டு லாரித் தண்ணீருக்கு மேல். இவ்வளவு லாபம் இருந்தும் மக்கள் தாமாக ஏன் குழி தோண்டவில்லை? தோண்டியவர் வீட்டுக்கடியில் அந்த நீர் நிற்பதில்லை, தெரு முழுவதற்கும் பரவிவிடுகிறது. செலவு ஒருவருக்கு, பலன் நூறு பேருக்கு. தமிழ்நாடு அரசு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி, கெடு வைத்து, செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பு போகும் என்று சொன்னபோதுதான் சில மாதங்களுக்குள் நகரமெங்கும் குழிகள் தோண்டப்பட்டன. அடுத்துவந்த நல்ல மழைகளில் பல பகுதிகளில் கிணறுகளின் மட்டம் ஏறியது. நூறு வீட்டுக்காரர்களும் மனத்துக்குள் விரும்பியது, தனித்தனியாகத் தொடங்க முடியாதது, ஓர் ஆணையால் நடந்தது. பிறகு சோதிக்க யாரும் வராததால் பல குழிகள் தூர்ந்துபோனதும் உண்மை. ஆணை போடுவது அரசின் பாதி வேலை, தொடர்ந்து வந்து பார்ப்பது மீதிப் பாதி.

‘மனிதர்கள் நல்லவர்களாக இருந்தால் கட்டாயம் எதற்கு’ என்று சிலர் கேட்பார்கள். இதற்குச் சோதனைக்கூடம் தெளிவான பதில் வைத்திருக்கிறது. 2001-இல் வெளியான ஒரு சுவிஸ் ஆய்வில் பொதுநிதிக்குப் பணம் போடும் ஆட்டம் ஒன்றை ஆடியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், மற்றவர் கொடுத்தால் நானும் கொடுப்பேன் என்ற வகையினர். சுமார் மூன்றில் ஒரு பங்கினர் எதுவும் கொடுக்காமல் பலனை மட்டும் அனுபவிக்க நினைத்தவர்கள். ஆட்டம் திரும்பத் திரும்ப நடக்கும்போது, கொடுக்காதவரைக் கண்டு கொடுப்பவரும் கையை இழுத்துக்கொள்கிறார், நிதி காலியாகிறது. பெரும்பான்மையினர் நல்லவர்களாக இருந்தும் அவர்களுடைய நல்ல குணம் தனியாக நிலைக்கவில்லை. 2006-இல் ஜெர்மனியில் ஓஸ்குர் குரெர்க்கும் அவருடைய இரு சகாக்களும் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். இரண்டு சமூகங்கள். ஒன்றில் தண்டனையே இல்லை, மற்றொன்றில் கொடுக்காதவரைத் தண்டிக்கலாம். எதில் சேர்வது என்பதை ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டக்காரரே முடிவு செய்யலாம். தொடக்கத்தில் மூன்றில் இரண்டு பேர் தண்டனையில்லாத சமூகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், தண்டிக்கும் அதிகாரம் என்றாலே நமக்கு வரும் அதே கூச்சம். ஆனால் அங்கே பொதுநிதி வற்றியது. 30 சுற்றுகள் முடிந்தபோது பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் தாமாகவே தண்டனையுள்ள சமூகத்துக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள், அங்கே எல்லோரும் கொடுத்தார்கள். விதிக்குக் கட்டுப்படுவதை அவர்கள் அனுபவத்தால் தேர்ந்தெடுத்தார்கள்.

இதற்கு அடுத்த மறுப்பு கனமானது. விதி வேண்டும், சரி. அதற்கு அரசு எதற்கு, ஊர் கூடிப் பேசி முடித்துக்கொள்ளலாமே? ஹார்டினின் வாதத்தை உடைத்துக் காட்டிய எலினோர் ஆஸ்ட்ரம் 2009-இல் நோபல் பரிசு பெற்றது இந்தக் கேள்விக்காகத்தான். உலகெங்கும் பாசனக் கால்வாய்களையும் காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் ஊர்ச் சமூகங்கள் தாமே தலைமுறைகளாகக் காத்துவந்ததை அவர் ஆதாரத்தோடு நிறுவினார். ஆனால் அவருடைய முதல் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அது லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே உள்ள நிலத்தடி நீரைப் பற்றியது, 1965-இல் முனைவர் பட்டத்துக்காக எழுதியது. அங்கே எல்லோரும் போட்டி போட்டு உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்தது, நம் மீஞ்சூர்ப் பக்கம் நடந்ததைப் போலவே. நீர் எடுத்தவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து பேசி, ஒவ்வொருவரும் எவ்வளவு குறைப்பது என்று தாங்களே முடிவு செய்தார்கள். அதோடு அவர்கள் நிற்கவில்லை. அந்த ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் தீர்ப்பாக்கிக்கொண்டார்கள், யார் எவ்வளவு எடுத்தார் என்று அளந்து அறிக்கை வெளியிட ஒரு நீர்க் கண்காணிப்பாளரை நீதிமன்றம் நியமித்தது. ஆஸ்ட்ரம் வகுத்த நிபந்தனைகளிலும் இவை உண்டு: தெளிவான எல்லை, கண்காணிப்பு, தவறின் அளவுக்கேற்பக் கூடும் தண்டனை, ஊர் அமைப்பை மதிக்கும் மேலரசு. ஊர் தன்னைத் தானே ஆண்ட இடங்களில் பெரும்பாலும் அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு சட்டம் நின்றிருக்கிறது.

மேலும், ஊர் என்பது எல்லோருக்கும் ஊராக இருந்ததில்லை. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட 1996 முதல் பத்து ஆண்டுகள் முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. ஊர் கூடி முடிவெடுத்ததுதான் அதற்குக் காரணம். 2006-இல் மாநில அரசு தலையிட்ட பிறகே அங்கே தலைவர்கள் பதவியேற்றார்கள். அரசமைப்பை எழுதியபோது கிராமத்தை அடிப்படை அலகாக வைக்கச் சொன்னவர்களை அம்பேத்கர் மறுத்ததும் இதுபோன்ற அனுபவத்தால்தான். ஆய்வும் இதையே சொல்கிறது. பெனடிக்ட் ஹெர்மன், கிறிஸ்டியன் தோனி, சைமன் கெக்டர் ஆகியோர் 2008-இல் உலகின் 16 நகரங்களில் ஒரே பொதுநிதி ஆட்டத்தை ஆடவைத்தார்கள். சட்டத்தின் ஆட்சி பலவீனமாக உள்ள இடங்களில், கொடுக்காதவர்கள், கொடுத்தவர்களையே திருப்பித் தண்டித்தார்கள். கால்வாயில் கழிவு விடுவதைத் தட்டிக் கேட்பவர் தனியாக நின்றால் அடி அவருக்குத்தான் விழும். தண்டிக்கும் உரிமையைத் தெருவின் பலத்திடம் விட்டுவிட்டால் பலசாலிதான் நீதிபதி.

அரசு இல்லாமலே நன்றாக இருக்க முடியும் என்று சொல்பவர்கள் சோமாலியாவைக் காட்டுவதுண்டு. 1991-இல் அங்கே அரசு சிதைந்த பிறகு சில வாழ்க்கைக் குறியீடுகள் முன்பைவிட மேம்பட்டதாகப் பொருளியலாளர் பீட்டர் லீசன் 2007-இல் கணக்குக் காட்டினார். அந்த ஒப்பீட்டை அலட்சியம் செய்ய வேண்டியதில்லை. சொந்த மக்களைக் கொள்ளையடித்துக் குண்டு போட்ட ஓர் ஆட்சியைவிட ஆட்சியே இல்லாதது சில விஷயங்களில் மேல் என்று அது நிறுவுகிறது, அதற்கு மேல் நிறுவவில்லை. 2011-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் மழை பொய்த்தபோது எத்தியோப்பியாவும் கென்யாவும் கடுமையாக வாடின. பஞ்சம் என்று அறிவிக்கும் அளவுக்குப் போனது தெற்குச் சோமாலியாதான். அங்கே சுமார் 2,60,000 பேர் இறந்தார்கள். ஆயுதக் குழுக்கள் உதவியைத் தடுத்தன, தடுத்தவர்களைத் தடுக்க வலுவுள்ள ஓர் அரசு இல்லை. தண்ணீர் ரயில் ஓட்ட ஆளில்லாத நாட்டில் கோடை வந்தால் இதுதான் நடக்கும்.

ஆக, அரசு வேண்டும். அப்படியானால் முதலில் பார்த்த சந்தேகத்தை என்ன செய்வது? அதைக் கைவிடச் சொல்பவர்கள் வரலாற்றை மறக்கச் சொல்கிறார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் இதற்கு நல்ல வழி காட்டுகின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்ள அங்கே தனியாக ஏரி வாரியம் இருந்தது. குடவோலையில் பெயர் வந்தவர்தான் உறுப்பினர், பதவி ஓராண்டுக்கு மட்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு மறுபடி இடமில்லை. முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாமல் போனவருக்கும், அவருடைய உறவினர்களுக்கும் பெயரே எழுதக் கூடாது. நிலமுள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமான சபை அது. பெண்களுக்கும் நிலமற்றோருக்கும் உழைத்தவர்களுக்கும் அங்கே இடமில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த விதிகளை எழுதியவர்கள் ஒன்றைத் தெளிவாக அறிந்திருந்தார்கள். அவர்கள் ஏரியை நம்பி வாழ்ந்தார்கள், ஏரியைப் பார்த்துக்கொள்பவரை நம்பவில்லை, அதற்காக வாரியத்தைக் கலைக்கவும் இல்லை. அவநம்பிக்கையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, அதையே வாரியத்தைக் காக்கும் கருவியாக்கினார்கள்.

கொரட்டூரிலும் அதுதான் நடந்தது. ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்துக் குடியிருப்போர் ஒன்றுசேர்ந்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அவர்களைவிட அரசைச் சந்தேகித்தவர்கள் அந்தப் பகுதியில் இருந்திருக்க முடியாது. அந்தத் தீர்ப்பாயமும் 2010-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் பிறந்ததுதான். அரசின் ஒரு கையை நம்பாதவர்கள் அரசின் இன்னொரு கையைப் பிடித்து அதைத் திருத்த முயன்றார்கள். லாரியை அழைத்துவிட்டு ஒதுங்கியவருக்கும் மனு எழுதியவருக்கும் அவநம்பிக்கை ஒன்றுதான். ஒதுங்கியவருடையது ஏரியை அநாதையாக்கியது, மனு எழுதியவருடையது ஏரிக்கு ஆள் சேர்த்தது. தண்ணீருக்கு, கிருமிக்கு, காற்றுக்கு மதில் சுவர் கிடையாது, அவற்றைக் காக்கும் பொறுப்புக்கும் மதில் சுவர் போட முடியாது. அரசு தேவை என்பதற்கும் அதைச் சந்தேகிக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே.

1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசமைப்புத் திருத்தம் நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2022-இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று, மக்கள் நேரில் வந்து பேசும் பகுதி சபைகள் நகரங்களில் முதன்முறையாகக் கூடின. முப்பது ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த இடம் அது. அரசை நம்பாதவர்கள் அங்கே முதல் வரிசையில் உட்கார வேண்டும். ஏரிக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு, சாக்கடை இன்னும் எந்த இடத்தில் கலக்கிறது என்று கணக்குக் கேட்க வேண்டும். பதிலை எழுதி வாங்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கும் போக வேண்டும்.